கடைசியாகக் கண்டவன்

அந்த மனிதரின் பெயர் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இப்போதும் அதை எழுத வேண்டாம் என்றிருக்கிறேன். அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அவரும் நானும் பேசிக்கொண்டு நின்றது ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்தான். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை.

ஐம்பத்து நாலில் நான் நாகர்கோவிலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடு மேற்கே, குழித்துறை ஆற்றுக்கு அப்புறம். அப்பாவுக்கு நல்லமிளகும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு வீட்டில் ஒரு தனி நாற்காலியே உண்டு. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரித்து சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி அந்த ஆண்டு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரியிலும் பையன்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். நானும் அவர்களோடு வெளியே வந்து நின்றேன், கத்தினேன், தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் கல்லூரியை மூடி, விடுதியையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஆடி மாதக் கடைசி. மேற்கே விடாத சாரல்.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் முற்பகலில் சந்தை முக்குக்கு நடந்தேன். நாகர்கோவில் பஸ் எப்போது ஒழுங்காக ஓடத் தொடங்கும் என்று கேட்டுவர வேண்டும் என்பது சாக்கு. சந்தை கூடியிருந்தது, ஆனால் கடைகள் பாதி அடைப்பு. பூட்டிக்கிடந்த ஒரு ஜவுளிக்கடை இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கினேன். அங்கே முன்னமே ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. ஒரு ஜோடிப் புதுச் செருப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"பஸ்சு உண்டுமா மக்கா?" என்று கேட்டார்.

"இண்ணைக்கு ஓடுமாண்ணு தெரியல்ல அண்ணா."

"ஓடாட்டி நடக்கணும். இந்த மூதேவியப் போட்டுட்டு நடக்கவும் முடியாது." செருப்பைக் காட்டினார். "போன சந்தைக்கு வாங்குனது. குதிங்காலைக் கடிச்சுப் பறிச்சுட்டு. மாத்தித் தாண்ணு கேட்டா கடைக்காரன் ஒக்க மாட்டேங்கான். மச்சினிக்க மகளுக்குக் கல்யாணம். செருப்பு இல்லாம வந்தா மானம் போயிரும்ணு வீட்டுல ஒரே சண்டை."

காலைத் தூக்கிக் குதிங்காலையும் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் ஊர்வலம் வளைவில் திரும்பியது. சாரலில் நனைந்த கூட்டம். முன்வரிசையில் ஒரு பருத்த மனிதர் குடையைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லியது. அவருக்கும் முன்னால் ஒரு வெள்ளாடு நடந்து வந்தது. எந்த வீட்டில் கட்டை அறுத்துக்கொண்டு வந்ததோ, கழுத்தில் பாதிக் கயிறு தொங்கியது. தலையை நிமிர்த்தி, தனக்காகத்தான் இத்தனை பேரும் வருகிறார்கள் என்பதுபோல வந்தது.

"ஆடும் சேந்திருக்கு பாத்தியா!" என்று அவர் என் முழங்கையைத் தட்டினார். "தலைவரு அதுதான்."

அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. "நீங்க போகல்லியா?" என்று கேட்டேன்.

"நிண்ணு பாத்துட்டுப் போறேன். வீட்டுல போயி சொல்லணும்லா. கண்டதைச் சொல்லாம இருந்தா எனக்கு ராத்திரி சோறு எறங்காது."

சாலையின் மறுமுனையில் போலீஸ் நின்றது. முதலில் தடியடி என்றுதான் நினைத்தேன். கூட்டம் பின்வாங்கி எங்கள் பக்கமாகச் சரிந்தது. பிறகு சத்தம். ஓட்டுக்கூரைமேல் தேங்காய் விழுந்ததுபோலத்தான் எனக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் சில. பக்கத்தில் நின்றவர் குனிந்தார். செருப்பு கீழே விழுந்துவிட்டது, எடுக்கப் போகிறார் என்று எண்ணினேன். அவர் எடுக்கவில்லை. களைத்துப்போனவர் உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, "மக்கா" என்றார். துண்டு சிவந்துகொண்டே வந்தது. நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என் தோளில் ஒரு தடி விழுந்தது. யாரோ என் சட்டையைப் பிடித்து ஒரு சந்துக்குள் இழுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சாய்ந்தபடியே இருந்தார். கண் திறந்திருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது ஓர்மையில் இல்லை. அம்மை என் சட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டு எரித்ததும், அந்தப் புகையும் ஓர்மையில் இருக்கிறது. மறுநாளே போலீஸ் வீடு வீடாக வந்து இளவட்டங்களைத் தேடியது. பிடிபட்டவர்கள் அடிபட்டார்கள். அப்பா என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"நீ அங்கன போகவே இல்ல, கேட்டியா? ஆரு கேட்டாலும் காய்ச்சலா கெடந்தேண்ணு சொல்லணும்."

"அப்பா, எனக்க பக்கத்துல நிண்ண ஆளு..."

"அப்படி ஒரு ஆளு இல்ல. நீ போகல்ல."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் பயம். என்னைச் சித்தப்பாவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். பகலெல்லாம் அந்த மரங்களுக்கு நடுவே இருந்தேன். ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் இறங்காது, பறவையும் அதிகம் வராது. சித்தப்பாவும் அப்பா சொல்லியனுப்பியபடியே என்னிடம் காய்ச்சலைப் பற்றி மட்டும் விசாரித்தார். காணவில்லை என்று அவர்கள் என்னைச் சொல்லச் சொன்ன ஒன்றை நாள் முழுதும் கண்டுகொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. சந்தையில் என்னைக் கண்டிருந்த எங்கள் தாலுகாப் பையன் ஒருவன் வழியாக விஷயம் எனக்கு முன்னால் விடுதிக்கு வந்துவிட்டிருந்தது. பெட்டியை இறக்கிவைப்பதற்குள் அறைக்குள் கூட்டம் கூடியது. அவர்களுக்கு முன்னால் நின்றவன் எனக்கு ஒரு வகுப்பு மூத்தவன். மாணவர்கள் அவன் சொல்வதைத்தான் கேட்பார்கள், நல்ல பேச்சுக்காரன். கிளர்ச்சியின் தொடக்கத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போய் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நீதானா மக்கா பக்கத்துல நிண்ணது? நாளைக்கு எல்லாருக்கும் சொல்லணும்."

மறுநாள் விடுதி முற்றத்து மாமரத்தடியில் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். வீட்டில் சொல்ல முடியாததை இங்கே சொல்லலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சாரல், செருப்பு, பின்பக்கமாக நடந்தவர், ஆடு, அவர் உட்கார்ந்த விதம். ஆட்டைச் சொன்னபோது பின்னால் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தது சரிதான், அவரும் சிரித்தாரே.

கூட்டம் கலைந்ததும் அந்த மாணவர் தலைவன் என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனான்.

"நல்லா சொன்னே. ஆனா செருப்பு, ஆடு, இதெல்லாம் வேண்டாம் மக்கா. ஆளு கொடியைப் பிடிச்சிட்டே விழுந்தாருண்ணு சொல்லு. கோஷம் போட்டாருண்ணு சொல்லு."

"அவரு கையில கொடி இல்லியே."

"இருந்திருக்கலாம்லா?"

"செருப்புதான் இருந்துது."

அவன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். "செருப்புக்காக ஒருத்தன் செத்தாண்ணு ஊருல சொல்ல முடியுமா? யோசிச்சுப் பாரு" என்றான். அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அன்று மாலை தனியாக இருந்து ஒத்திகை பார்த்தபோது, கொடி பிடித்த ஒரு ஆள் என் கண்முன் வந்து நின்றான். அவனுக்கு முகமே இல்லை. குதிங்காலைத் தூக்கிக் காட்டியவர் அந்த ஆளுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் ஊருக்குள், மைதானத்தில். ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். என் முறை வந்தது. "அவரு பஸ்சுக்கு நிண்ணுட்டிருந்தாரு" என்று தொடங்கினேன். என் குரலே எங்கோ தூரத்திலிருந்து பெரிதாகத் திரும்பி வந்தது. அடுத்த சொல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் எங்கள் பக்கமாகச் சரிகிறதுபோல ஒரு தோற்றம். மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு இறங்கி நடந்துவிட்டேன். எனக்குப் பின்னால் தலைவன் ஒலிபெருக்கியை வாங்கி, கொடியோடு விழுந்த ஒரு வீரனைப் பற்றிப் பேசுவது கேட்டது. ஜனம் அழுதது. நன்றாகத்தான் பேசினான்.

அதன்பிறகு விடுதியில் என்னோடு பேச்சு குறைந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிலர் சொன்னார்கள். இவன் அங்கே நிற்கவே இல்லை, வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தானாம் என்றும் ஒரு பேச்சு. அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்த பொய் பஸ் ஏறி இங்கே வந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்த பெஞ்சில் மற்ற இடங்கள் காலியாகக் கிடக்கும். கூடத்து வாசலில் எல்லோரும் கழற்றிப்போட்ட செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். என்னால் அவற்றைத் தாண்ட முடியாமல் போன நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சாப்பாடு இல்லை.

வகுப்பில் யாராவது மேஜை மூடியைத் தட்டென்று போட்டால் என் உடம்பு முழுவதும் தூக்கிவாரிப் போடும். பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கண்டுகொள்ளாமல் விட்டார்கள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் கண் நின்றுகொண்டிருக்கும். வாசிக்கிறேன், சொல்லெல்லாம் தெரிகிறது, பொருள் மட்டும் உள்ளே வராது. மழை மண்ணில் விழுகிற மணம் வந்தால் ஜன்னலைச் சாத்துவேன். அதுவரை எனக்கு மிகப் பிடித்த மணம் அது.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்ததாக எனக்குத் தெரியாது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். விடுதிக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு உறங்கி வரச் சொன்னார். அம்மை என்னைப் பார்த்த உடனே, "பிள்ளை பயந்திருக்கு" என்றாள். அவள் சொன்னதுதான் சரியான பெயருக்குக் கிட்ட வந்தது. எங்கள் ஊரில் நாங்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே நெற்றியில் நாமம் இட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். விக்கிரகம் ஒன்றும் இல்லாத அந்த வெறும் கூடத்தில், கண்ணாடிக்கு முன்னால் ஒரு விளக்கு. அம்மை கும்பிட்டுக்கொண்டிருக்கையில் தரையிலேயே படுத்து மதியம் முழுவதும் உறங்கினேன். வெகுநாளைக்குப் பிறகு வந்த உறக்கம். யாரும் என்னை எழுப்பவில்லை. ஆனாலும் அவளிடமும் என்னால் நடந்ததைச் சொல்ல முடியவில்லை. வீட்டில் அப்பா எப்போதும் கதவுக்கு அப்புறம் நின்றார்.

திரும்பி வந்தபின் வகுப்பை விட்டுவிட்டு பஸ் பிடித்து வட்டக்கோட்டைக்குப் போகத் தொடங்கினேன். அப்போதெல்லாம் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. கோட்டை மதிலின்மேல் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்காடும் தூரத்து மலையும். காற்று காதை அடைத்துவிடும். வேறு சத்தம் எதுவும் கேட்காது. அதற்காகத்தான் போனேன். கீழே அலை மோதும் பாறையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்போது மனசில் ஓடியதையெல்லாம் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து வந்துவிட்டேன், அது போதும்.

என் அறையில் கூட இருந்தவன் கடற்கரை ஊர்க்காரன். மீன்பிடிக்கிற குடும்பம், கிறிஸ்தவன். அதிகம் பேச மாட்டான். மற்றவர்கள் என்னிடம் கதை கேட்டபோதும் அவன் கேட்கவில்லை, அவர்கள் பேச்சை நிறுத்தியபோதும் அவன் நிறுத்தவில்லை. எப்போதும்போல, "சோறு தின்னியா?" என்பான். இல்லை என்றால் கூடத்துக்குப் போய் ஒரு தட்டில் வாங்கிவந்து என் கட்டிலில் வைப்பான். அவ்வளவுதான். ஒருநாள் காலையில் நான் சட்டை மாட்டும்போது அவனும் மாட்டினான்.

"எங்கலே போற தினமும்? நானும் வாறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோட்டை மதிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்தான். நான் பாறையைப் பார்க்கிறவன். அவன் பார்த்தது தூரத்துத் தண்ணீரை.

"நீவாடு மாறியிருக்கு. இண்ணைக்கு மரத்துல போனவனுக்குக் கஷ்டந்தான்" என்றான். நீரோட்டத்தையும் கட்டுமரத்தையும் சொல்கிறான் என்று சற்றுப் பொறுத்துத்தான் எனக்குப் புரிந்தது. பிறகு அவனாகவே சொன்னான். "எங்கப்பா போனது இப்படி ஒரு நாளுதான். நான் அப்ப மூணாங் கிளாசு. உடம்பு கெடைக்கல்ல."

இரண்டு வருடம் ஓர் அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

"பக்கத்து மரத்துல இருந்தவருதான் கடைசியா கண்டாரு. கரைக்கு வந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு, நனைஞ்ச துணியோட. வெத்தில போட்டிருந்தாரு, வலை சிக்குனதுக்கு ஏசிட்டிருந்தாரு, எனக்கிட்ட சுண்ணாம்பு கேட்டாரு, அதுக்குப் பொறவு அலை வந்துதுண்ணு அம்மைக்கிட்ட சொன்னாரு. அம்மை அந்தச் சுண்ணாம்பு கேட்டதையே பத்து மட்டம் சொல்லச் சொல்லிக் கேட்டா." என் பக்கம் திரும்பினான். "கடைசியா கண்டவன் வீட்டுல போயி சொல்லணும்லே. எங்க ஊருல அதுதான் மொறை. நீ போகல்லியா?"

"எங்க?"

"அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும்லா?"

இத்தனை மாதத்தில் அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை. அவரை ஒரு இறவாரத்தில் பிறந்து அங்கேயே முடிந்தவராகத்தான் மனசில் வைத்திருந்தேன்.

ஊரையும் பெயரையும் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அஞ்சலிக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தனியாகவே புறப்பட்டேன். தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளுக்குள் நடந்தேன். ஓலை வேய்ந்த சின்ன வீடு. முற்றத்தில் ஒரு பெண் தேங்காய்த் தொண்டு நாரைத் திரித்துக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பத்துப் பன்னிரண்டு வயது மகள் ராட்டைச் சுற்றினாள். என் வேட்டி சட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இப்படி ஆட்கள் வருவது அவளுக்குப் பழகிவிட்டது என்பது அந்த எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"இருங்க" என்று ஓலைப்பாயைக் காட்டினாள். நான் கேட்காமலே, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "அவரு நாட்டுக்கு வேண்டி மரிச்சாரு. கொடியக் கீழ விடல்லேண்ணு சொன்னாவ. எங்களுக்குப் பெருமைதான்."

"நான் அவருக்க பக்கத்துல நிண்ணேன் அக்கா" என்றேன். "தலையைப் பிடிச்சிட்டிருந்தது நான்தான்."

அவள் மகளைப் பார்த்து, "நீ உள்ள போயி அடுப்பப் பாரு" என்றாள். மகள் போனபின் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நெசமாட்டு நிண்ணியளா?"

"நிண்ணேன்."

"அப்ப எனக்கு ஒண்ணு சொல்லணும். அண்ணைக்கு அவரு போகமாட்டேண்ணுதான் சொன்னாரு. நான்தான் செருப்பை மாத்திட்டு வாண்ணு சண்டை போட்டு அனுப்பினேன். எனக்கத் தங்கச்சிக்க மகளுக்குக் கல்யாணம். வந்தவங்க எல்லாம் ஊர்வலத்துக்குப் போனாருண்ணு சொல்லுதாவ. நானும் ஆமாண்ணு சொல்லுதேன். ஊர்வலத்துக்குண்ணா அவராட்டு போனது. செருப்புக்குண்ணா நான் அனுப்பினது." என் முகத்தையே பார்த்தாள். "எது நெசம்?"

கொடியோடு விழுந்த கதையை நான் வெறுத்திருந்தேன். அந்தக் கதை இந்த முற்றத்தில் ஒருத்தியைத் தாங்கிப் பிடித்திருக்கும் என்று நினைத்ததில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் என்னால் உள்ளபடி சொல்லத்தான் முடியும். வேறெதையும் சொல்ல வாய் வராது என்பதை மைதானத்திலேயே பார்த்துவிட்டேன்.

"செருப்புக்குத்தான் வந்தாரு. கடைக்காரன் மாத்திக் கொடுக்கல்ல. வந்த சோலி முடிஞ்சுது. ஊர்வலம் வந்தப்போ, நீங்க போகல்லியாண்ணு நான் கேட்டேன். போயிருக்கலாம் அவரு. வழி இருந்துது. நிண்ணு பாத்துட்டுப் போறேண்ணு சொன்னாரு. வீட்டுல போயி சொல்லணும்லா, கண்டதைச் சொல்லாட்டி சோறு எறங்காதுண்ணு சொன்னாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அது அவருதான்" என்றாள். "சந்தைக்குப் போனா ஒரு மணிக்கூறு கதை கொண்டு வருவாரு. ஆரு ஆருகிட்ட சண்டை போட்டா, எந்த மாடு எந்தக் கடையில வாய வச்சுதுண்ணு. சோத்தைப் பெசஞ்சு வச்சிட்டு சொல்லிட்டே இருப்பாரு. தின்னுட்டுச் சொல்லுமேண்ணு நான் ஏசுவேன்." பிறகு கேட்டாள். "என்னதான் கண்டாரு, அவ்வளவுக்கு?"

நான் சொன்னேன். கூட்டம் வளைவில் திரும்பியதை, குடை பிடித்துப் பின்பக்கமாக நடந்தவரை, ஆடு தலைநிமிர்ந்து வந்ததை, என் முழங்கையைத் தட்டி அவர் சொன்னதை. "தலைவரு அதுதான்" என்று அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து நின்றாள். "இவளுக்கும் சொல்லுங்க, ஆட்டுக்க காரியத்தைச் சொல்லுங்க" என்றாள் தாய். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். சுவரில் சாய்ந்ததையும், மக்கா என்று கூப்பிட்டதையும்கூடச் சொன்னேன். என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றோம். நான் கிளம்பும்போது, "வரத்து உண்டுமா இனி?" என்று மகள் கேட்டாள். வருவேன் என்றேன். அதன்பிறகு போக வாய்க்கவில்லை.

இதோடு எல்லாம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மேஜை மூடிச் சத்தம் என்னை விடவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைய முடிந்தது. வட்டக்கோட்டைக்குப் போவது குறைந்து, நின்றும்போயிற்று. பரீட்சையில் ஒரு பாடத்தில் தோற்றேன். திரும்ப எழுதித் தேறினேன். மறந்துவிடு என்று சொன்ன எவரும் எனக்கு உதவவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அவர்களும் நல்லதற்குத்தான் சொன்னார்கள்.

தலைவனுக்குப் படிப்பு முடிகிற சமயத்தில், ஒரு மாலை நான் அறையில் தனியாக இருந்தபோது அவன் வந்தான். எத்தனையோ மாதமாக அவன் என்னிடம் பேசியதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைவிரல்களை நெரித்துக்கொண்டிருந்தான். லாக்கப்பில் அவனை அடித்ததில் அந்த விரல்களில் ஒன்று வளைந்தே நின்றுவிட்டது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"நீ போய் அந்த வீட்டுல சொன்னியாமே" என்றான்.

"ஆமா."

"ஏசினாவளா என்னை?"

"இல்ல. ஒன்னைப் பத்திப் பேச்சே வரல்ல."

வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "கூட்டத்துக்கெல்லாம் ஆளு சேத்தது நான். போலீசு வெடி வச்சண்ணைக்கு நான் உள்ள கெடந்தேன். பக்கத்துல நிண்ணவன் நீ. நான் நிக்கல்ல. அந்த ஆளு சும்மா செருப்போட நிண்ணாருண்ணு நீ சொன்னது எனக்குத் தாங்கல்ல மக்கா. ஒறக்கமே இல்ல எனக்கு."

விடுதி முழுவதும் அவனைச் சுற்றி எப்போதும் பத்துப்பேர் இருந்ததைத்தான் நினைத்துக்கொண்டேன். இத்தனை பேருக்கு நடுவில் அவனும் தனியாகத்தான் கிடந்திருக்கிறான். இருட்டும்வரை இருந்துவிட்டு எழுந்து போனான்.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்தன. அப்போது நான் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நானும் கத்தி, தொண்டை கட்டிய காரியம்தானே அது. ஆனால் சாலையில் வெடி போடத் தொடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டேன். கால்வாய்க் கரையோரமாக மிதித்து, சத்தம் தேய்ந்த இடத்தில் இறங்கினேன். வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்தேன்.

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஊரே அங்க கெடக்கு, நீங்க என்ன இஞ்ச வந்து இருக்கிய?"

"சத்தம் எனக்கு ஒத்துக்காது."

"சேந்தாச்சுல்லா?"

"சேந்தாச்சு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தாள். அவர்கள் கரையேறிப் போனபிறகும் நான் அங்கேயே இருந்தேன். தூரத்தில் வெடி ஓய்வதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது.